நிறம், மணம், சுவை

பெப்ரவரி 11

பத்தொன்பது வருடமாக என் பீப்பாயைத்தான் ஊற்றினார்கள். இந்த வருடம் நான் பரீட்சை எழுத வேண்டுமாம்.

எங்கள் கூட்டத்தை நடத்துகிற மார்கரெட்டின் கடிதம் நேற்று வந்தது. மறுமலர்ச்சிச் சந்திப்புக்குப் புதிய விதி. செப்ரெம்பரில் தலைமேசைக்கு எவருடைய பானம் போகும் என்பதை ஓகஸ்ட் பத்தாம் திகதி ஒரு சுவைச்சபை தீர்மானிக்கும். பெயர் ஒட்டாத குடுவைகள், கட்டம் போட்ட தாள்கள். "எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு" என்று எழுதியிருக்கிறாள். எல்லோரும் என்றால் ஹெதர். கூட்டத்துக்கு வந்து, தேன் மது காய்ச்சத் தொடங்கி மூன்று வருடம்தான். ஏதோ பரிசோதனைச்சாலையில் வேலை.

இந்தக் கொப்பியைப் பின்னால் எவராவது படித்தால் நியாயம் தெரிய வேண்டும். அதற்காக எழுதுகிறேன். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பியரைப் போல உடுத்து, சமைத்து, குடித்து, வருடத்தில் மூன்று நாள் ஒன்ராறியோவில் ஒரு பண்ணைவெளியில் கூடாரம் அடித்து இருக்கிற கூட்டம் இது. குளிர்காலத்தில் அவர்கள் கூடுகிற மண்டபத்தில் நான் காவலாளியாக இருந்தேன். ஒருநாள் மண்டபத்துக் குசினியில் தேனைப் பொங்கவிட்டு அடுப்பை நாசமாக்கினார்கள். துடைத்தவன் நான். மிச்சத்தை வாயில் வைத்துப் பார்த்து, "இதை மாடும் குடிக்காது" என்றேன். "அப்படியென்றால் நீ செய்து காட்டு" என்றாள் மார்கரெட்.

செய்து காட்டினேன். எவரும் சொல்லித் தரவில்லை. காரைநகரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவனுக்கு தேன் மது பற்றி எவர் சொல்லித் தருவார்? நூலகத்தில் பழைய ஆங்கிலக் குறிப்புகளை எடுத்து, அகராதியை மடியில் வைத்துப் படித்தேன். வேடம் கட்ட வேண்டும், நீ வட ஆபிரிக்காவின் மூர் வியாபாரியாக வா என்றார்கள். நான் மூர் இல்லை என்றேன். போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாண வணிகன் என்று நானே எழுதிக் கொடுத்தேன். அந்தச் சண்டையிலும் நான்தான் வென்றேன்.

பெப்ரவரி 18

இன்று தேன் காய்ச்சினேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்தது. தனியாக.

தேனுக்குத் தண்ணீர் போதுமா என்று பார்க்க ஹெதர் ஒரு கண்ணாடிக் கருவியை மிதக்க விடுகிறாள். நான் முட்டையை மிதக்க விடுகிறேன். அந்தக் காலத்தவர் அப்படித்தான் செய்தார்கள். முட்டையின் முதுகு ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு மேலே தெரிந்தால் பதம் சரி. முட்டை அன்று இட்டதாக இருக்க வேண்டும். பழைய முட்டை எதிலும் மிதக்கும். இது தெரியாமல் எத்தனையோ பேர் வெறும் தேன்தண்ணீரைப் பீப்பாயில் அடைத்துவிட்டு ஆறு மாதம் காத்திருக்கிறார்கள்.

வழக்கமாகப் புளிக்கவைக்க நுரை தருகிற பியர்க்காரன் கடையைப் பூட்டிவிட்டான். போன வருடத்து அடிமண்டியைப் போத்தலில் வைத்திருந்தேன். அதைப் போட்டேன்.

பெப்ரவரி 20

பீப்பாய் பேசத் தொடங்கிவிட்டது. நல்ல சத்தம்.

மார்ச் 9

சிவாஜினி வந்தாள். மகள். மார்க்கம் நகரில் இருக்கிறாள். கதவைத் திறந்தவுடனே முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, என்ன நாத்தம் இது? எலி கிலி செத்துக் கிடக்குதோ?"

"ஒண்டும் மணக்கேல்லை."

"உங்களுக்கு மணக்காது."

"ஏன் மணக்காது? கொம்மா என்னவும் சொன்னவவோ?"

"அம்மா உங்களைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை."

நல்லது.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பருப்புக்கறியை வெளியே எடுத்து, இது எப்போ சமைத்தது என்று கேட்டாள். நேற்று என்றேன். முந்தாநாளாகவும் இருக்கலாம். சட்டியோடு கொட்டினாள். நல்ல பருப்பு.

போகும்போது வாசலில் நின்று, "அம்மாவைக் கூப்பிடுங்கோவன் அப்பா. நீங்கள் கூப்பிட்டால் வருவா" என்றாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவள் பேரனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். பேரனுக்குப் பதினேழு வயது.

மார்ச் 22

இரண்டு நாளாக வயிற்றாலை போகிறது. மீன்கறி. கடைக்காரன் பழைய மீனைத் தந்திருக்கிறான். இனி அந்தக் கடைக்குப் போக மாட்டேன்.

ஏப்ரில் 14

புதுவருடம். எவரும் வரவில்லை. சிவாஜினி போனில் வாழ்த்துச் சொன்னாள். பின்னால் அரசியின் குரல் கேட்டது. பால் பொங்கிவிட்டது என்று எவருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மங்கையற்கரசி என்று முழுப்பெயர். நாற்பத்தேழு வருடமாக என் மனைவி, எனக்கு அரசி. இந்த நிலவறையில் அவள் தந்த கரைச்சலை ஒருமுறையாவது எழுதி வைக்க வேண்டும். சைவக்காரி. வெறிப்பானம் இருக்கிற இடத்துக்கு இறங்க மாட்டாள். மூன்றாவது படியில் நின்று, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி, கொஞ்சம் விலக்கி, "இண்டைக்கு முட்டை மணக்குது" என்பாள். கேட்காமலே சொல்வாள். நான் பானத்தைச் செப்புக் கிடாரத்தில் இரண்டு மூன்று தடவை மாற்றி ஊற்றுவேன். மறுநாளும் வந்து நின்று, "இப்ப பரவாயில்லை, பூ மணக்குது" என்பாள்.

அவள் சொன்னதற்காக ஊற்றியதில்லை. ஊற்றுகிற நாளும் அவள் சொல்கிற நாளும் ஒன்றாக வந்தன, அவ்வளவுதான். தேவையில்லாமல் ஊற்றினால் காற்றுப்பட்டுப் பானம் கெடும். இந்த வருடம் ஊற்றவில்லை. எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நிம்மதி.

மே 26

அடிமண்டியை விட்டு முதல் தடவை பிரித்தேன். ஒரு கண்ணாடியில் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பின்னால் வைத்த செய்தித்தாளின் சிறிய எழுத்தையும் படிக்க முடிந்தது.

என் போத்தல்களில் 'தேறல்' என்று தமிழில்தான் எழுதி ஒட்டுவேன். மீட் என்று எழுத மாட்டேன். மார்கரெட் 'டெரல்' என்பாள். கலங்கியது தெளிந்தால் தேறல். தெளிந்ததைக் கண் காட்டும், வேறு ஒன்றும் வேண்டாம். வாயில் வைத்தேன். நல்ல இனிப்பு, கடைசியில் சின்னக் கசப்பு. இருபதாவது பீப்பாய் இதுதான். இதைவிட நல்லது வந்ததில்லை.

யூன் 15

ஹெதர் கூடாரக் கம்புகளை எடுத்துப் போக வந்தாள். கீழே இறங்கவில்லை, கூடத்திலேயே நின்றாள். நின்றபடி மூக்கை ஒருமாதிரி வைத்துக்கொண்டு, தேனில் ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு இல்லை, பட்டினி கிடந்தால் அது கந்தக நாற்றம் விடும், கொஞ்சம் சத்துப்பொடி தரட்டுமா என்று கேட்டாள்.

"ஐந்நூறு வருடத்துக்கு முதல் சத்துப்பொடி எந்தக் கடையில் விற்றது?" என்றேன்.

"பல்லுத் தூரிகையும்தான் விற்கவில்லை. நீங்கள் பல் விளக்குகிறீர்கள்தானே, குணா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டவில்லை. எதிரியின் வீட்டுக்குக் கம்பு எடுக்க வந்து, எதிரிக்குப் பொடி தருகிறவளின் நோக்கம் என்ன என்று அவள் போன பிறகு யோசித்தேன். பொடி போட்ட பானம் என்று சபையில் சொல்லி என்னை விலக்குவதற்கு.

யூலை 2

பால் அடுப்பில் எரிந்துவிட்டது. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், பேப்பர் பார்த்துக்கொண்டு. கூரையில் இருக்கிற புகைமணி அடித்த பிறகுதான் எழும்பினேன். பக்கத்து வீட்டுச் சீனக்காரி கதவைத் தட்டினாள். தெருவரை மணக்கிறது என்று கையால் காட்டினாள். இந்த அடுப்பு சரியில்லை.

யூலை 21

இன்று மனம் சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

போன செப்ரெம்பர், சந்திப்பின் இரண்டாம் நாள். அரசி வேடம் கட்ட மாட்டாள், பட்டுச்சேலையோடு வந்து தலைமேசையில் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். மார்கரெட் என் தேறலை முகர்ந்து, இவ்வளவு நுட்பமான மணத்தை உன் கணவர் எப்படிப் பிடிக்கிறார் என்று கேட்டாள். அரசி பத்து நாளாக என்னோடு சண்டையில் இருந்தாள். என்னை ஒரு நல்ல மூக்கு வைத்தியரிடம் கூட்டிப்போக விடாதது யார் என்று அவள் கேட்க, மூக்கு யாருடையது என்று நான் கேட்க, அப்படி ஒரு சண்டை. மார்கரெட்டுக்குத் தெரிந்த நாலு இங்கிலிஷ் சொல்லில் பதில் சொன்னாள்: "மை ஹஸ்பண்ட், நோ ஸ்மெல்."

மார்கரெட் மேசையில் அடித்துச் சிரித்தாள். "நீ அதிர்ஷ்டக்காரி! என்னுடையவர் ஈரச் சப்பாத்துப் போல மணப்பார்." அவள் புருசன் கென் தன் கமக்கட்டை முகர்ந்து காட்டினான். மேசை முழுக்கச் சிரித்தது. எவருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து, "என்ர வீட்டில இருந்துகொண்டு என்னைக் காட்டிக் குடுக்கிற ஆள் எனக்கு வேண்டாம்" என்றேன். அவள் வாதாடவில்லை. காட்டிக் கொடுப்பதற்கு என்ன இருந்தது என்றும் கேட்கவில்லை. பையை எடுத்தாள்.

மூன்று வருடத்துக்கு முதல் கடும் தடிமன் வந்தது உண்மை. அதற்குப் பிறகு மூக்கு கொஞ்சம் அடைத்தபடி இருப்பதும் உண்மை. வயதானவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான்.

ஓகஸ்ட் 3

சபைக்கு ஒரு கிழமை. ஒரு போத்தல் எடுத்துத் தக்கை அடைத்து, கடதாசியில் சுற்றி, மார்க்கத்துக்கு பஸ்ஸில் போனேன். அந்தப் பக்கம் வேறு அலுவலும் இருந்தது.

சிவாஜினி வீட்டில் இல்லை. அரசி குசினியில் முருங்கைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். மெலிந்திருக்கிறாள். போத்தலை மேசையில் வைத்தேன்.

"என்ன இது?"

"போத்தல்."

"அது தெரியுது. ஏன் கொண்டுவந்தனீங்கள்?"

"சும்மா."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் குடிக்கிறேல்லை. பிள்ளையும் குடிக்கிறேல்லை. மருமோன் சீனி வருத்தக்காரன். ஆருக்குக் கொண்டுவந்தனீங்கள்?"

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்க வந்ததை வாயைத் திறந்து கேளுங்கோ. ஒரு வசனம்தான். கேட்டால் இப்பவே தக்கையை இழுப்பன்."

"எனக்கு ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை."

"சரி," என்றாள். போத்தலை எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "தேத்தண்ணி?"

குடித்தேன். சீனி கூட. அவள் கைக்கு அளவு மறந்துவிட்டது. "முருங்கைக்காய்க் குழம்பு. இருந்து சாப்பிட்டுப் போங்கோ. மணம் வருதோ?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அப்போதுதான் கண்டேன், அவள் இன்னும் அடுப்பை மூட்டவில்லை.

சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 4

நேற்று பஸ்ஸில் வரும்போதே போன் அடிக்கத் தொடங்கியது. சிவாஜினி வீட்டு நம்பர். இன்று மதியம் வரை ஒன்பது தடவை. எடுக்கவில்லை. குழம்பைப் பற்றி இன்னும் பேச்சுக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

ஓகஸ்ட் 8

தாளில் மூன்று கட்டம் இருக்குமாம்: நிறம், மணம், சுவை. மணத்தின் கட்டத்துக்கு ஆறு வசனம் முன்கூட்டியே எழுதிப் பாடமாக்கினேன். பழைய புத்தகங்களில் இருந்து எடுத்தவை. ஆயத்தம் செய்வதில் பிழை இல்லை. மாணவர்கள் செய்வதில்லையா?

ஓகஸ்ட் 10

மார்கரெட்டின் களஞ்சியம். பின்னேரம் மூன்று மணி. நீள மேசை, ஐந்து குடுவைகள். பானம் செய்த ஐந்து பேரும், சபையார் நாலு பேரும். எல்லோரும் எல்லாவற்றையும் சுவைத்து, பெயர் போடாமல் எழுத வேண்டும். மார்கரெட் எல்லாத் தாள்களையும் உரத்து வாசிப்பாள்.

என்னுடையது மூன்றாவது. நிறத்தைக் கண்டவுடனே தெரிந்தது. மற்ற நாலும் அதன் பக்கத்தில் கழுவின தண்ணீர்.

மூன்றாவதை ஊற்றியபோது கென் கதவைத் திறந்துவிட்டான். வெக்கை என்று நினைத்தேன்.

முதல் இரண்டும் வாசித்து முடிந்தது. மூன்றாவது. நிறம்: "பொன்." "கண்ணாடி போலத் தெளிவு." "இதைவிட அழகான நிறத்தை நான் கண்டதில்லை." நிமிர்ந்து இருந்தேன்.

மணம். மார்கரெட் வாசித்தாள்: "கூழ்முட்டை." அடுத்த தாள்: "தீக்குச்சியும் சாக்கடையும்." அடுத்தது: "மன்னிக்கவும், முகர்ந்த பிறகு வாயில் வைக்க முடியவில்லை." பிறகு என் தாளை எடுத்தாள். "எலுமிச்சம்பூ. மழைக்குப் பிந்திய புல். தூரத்தில் ஒரு ரோசாச் செடி."

பிறகு கென், "யாரப்பா இந்தக் கவிஞர்?" என்றான். சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மார்கரெட் சிரிக்கவில்லை. அவளுக்கு என் கையெழுத்துத் தெரியும். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போன வருடத்துப் பகிடி ஒரு வருடம் கழித்து அவளுக்கு விளங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். "ஓ, குணா," என்றாள். சின்னக் குரலில்.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். ஹெதர் மூன்றாவது குடுவையை எடுத்து மறுபடி குடித்தாள். "இதில் கந்தகம் மட்டும்தான் பிழை. செம்பில் இரண்டு தடவை மாற்றி ஊற்றினால் போய்விடும். உள்ளே இருக்கிற பானம் என்னுடையதைவிட நல்லது. இன்றைக்கே செய்யலாமே, நான் முகர்ந்து சொல்கிறேன்," என்றாள். எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள், ஆனால் என்னைத்தான் பார்த்தாள்.

அந்தப் பிள்ளையும் சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தலைமேசைக்கு ஹெதரின் பீப்பாய்.

ஓகஸ்ட் 11

குடுவையை எவரோ மாற்றியிருக்கிறார்கள்.

ஓகஸ்ட் 12

மாற்றவில்லை. நிறம் என்னுடையது.

ஓகஸ்ட் 17

காலை பத்து மணிக்கு அரசி வந்தாள். சிவாஜினி காரில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். மார்கரெட் சிவாஜினி வீட்டுக்கு போன் பண்ணி நடந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

அரசி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைப் பொத்தினாள். யன்னல்களைத் திறந்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"போனை எடுத்திருக்கலாம்," என்றாள்.

"என்னத்துக்கு?"

"நீங்கள் போன கையோட திறந்து பாத்தனான். குசினியில நிக்க ஏலாமல் போச்சு. செம்பில மாத்தி ஊத்துங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லத்தான் ஒம்பது தரம் அடிச்சனான்."

"நான் உம்மட்டைக் கேக்கேல்லை."

"கேக்கேல்லைத்தான். கேக்காமலே சொல்லத்தான் அடிச்சன். கேட்டுத்தானோ இவ்வளவு நாளும் சொன்னனான்?"

கீழே போனேன். பின்னால் வந்தாள். பீப்பாயில் இருந்து ஒரு கிண்ணம் எடுத்து அவளுக்கு முன்னால் குடித்தேன்.

"நல்லாய்த்தான் இருக்கு."

"வாய்க்கு நல்லாய்த்தான் இருக்கும்."

"பொய் சொல்லுறாங்கள். எல்லாரும் சேர்ந்து."

"நானுமோ?"

இரண்டாவது கிண்ணம் எடுத்தேன். மூன்றாவதும். இனிப்பு, கடைசியில் சின்னக் கசப்பு, எல்லாம் இருந்தது. அவள் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தாள். சேலைத் தலைப்பு மூக்கில். கண்கள் எரிந்து சிவந்திருந்தன. மேலே போய் இரும் என்றேன். போகவில்லை.

பிறகு இருவருமாக நாற்பது லீற்றரையும் சலதாரையில் ஊற்றினோம். செம்பில் மாற்றிப் பார்ப்பமே என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். பொன்னிறமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஊற்றி முடியும்வரை அவள் வாந்தியை அடக்கிக்கொண்டு நின்றாள் என்பதை, மேலே போனதும் குளியலறையில் கேட்ட சத்தத்தில் அறிந்தேன்.

மதியம் சமைத்தாள். என்ன கறி என்று சட்டியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஓகஸ்ட் 18

மார்கரெட் மின்னஞ்சல் எழுதியிருக்கிறாள். நான் இல்லாமல் சந்திப்பு இல்லையாம். அடுத்த வருடம் நானும் ஹெதரும் சேர்ந்து செய்யலாமாம், மணத்தை அவள் பார்த்துக்கொள்வாளாம். கூட்டத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், எவரும் குறைவாக நினைக்கவில்லையாம்.

காகிதத்தில் பதில் எழுதினேன். மின்னஞ்சலில் எழுதினால் உடனே பதில் வந்துவிடும். பானப் பொறுப்பில் இருந்து விலகுகிறேன், பீப்பாய்களையும் கிடாரத்தையும் வந்து எடுத்துப் போகலாம் என்று எழுதினேன். அடுத்து காரணம் எழுதுகிற இடம் வந்தது. ஒரு மணித்தியாலம் இருந்தேன். வயது என்று எழுதி வெட்டினேன். முதுகுநோ என்று எழுதி வெட்டினேன். கடைசியில் எழுதியதை அரசிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்:

"என் மனைவியால் இந்த மணத்தைப் பொறுக்க முடியவில்லை. அவளுக்காக நிறுத்துகிறேன்."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நேற்று முழுக்கப் பொறுத்தனான்," என்றாள்.

நான் கடிதத்தை மடித்தபடி நின்றேன்.

"சரி, அப்பிடியே அனுப்புங்கோ. அவைக்கு நான் சண்டைக்காரியாய் இருந்திட்டுப் போறன்."

முத்திரை ஒட்டி, மூலையில் இருக்கிற தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.